கைதட்டலுக்கு விட்ட இடம்

இடைவேளை முடிந்து திரை ஏறினால் முதலில் பாட்டுதான். அதில் சவரிமுத்துவுக்குச் சந்தேகமே இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் ‘ஓடக்காரன் வீடு’ நாடகத்துக்கு மெட்டுப் போட்டவர் அவர்தான், இந்தப் பாட்டு இந்த இடத்தில்தான் வர வேண்டும் என்று நாடகம் எழுதிய வாத்தியாரோடு சண்டை பிடித்தவரும் அவர்தான். டீ குடிக்கப் போனவன், பீடி பிடிக்கப் போனவன், பிள்ளையை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனவள் எல்லாரையும் கொட்டகைக்குள் திரும்ப இழுத்துவர ஒரு பாட்டு வேண்டாமா என்பது அவர் கட்சி. அந்த நாடகம்தான் இப்போது புதுப் படமாக வந்திருக்கிறது, அதே பெயர், அதே கதை, அதே பாட்டு, டைட்டிலில் ‘மூல மெட்டு: பெட்டி சவரிமுத்து’ என்று தனி வரி, அவசரப்படாமல் நின்று போனது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் பிலோமினா அதைப் போனில் பிடித்துக்கொண்டாள். ஆர்மோனியத்துக்குப் பெட்டி என்று பேர், அதை வாசிக்கிறவனுக்குப் பெட்டிக்காரன் என்று பேர், திண்டுக்கல் வட்டாரத்தில் பெட்டி சவரி என்றால் இன்னும் நாலு கிழவர்களாவது தலையைத் திருப்புவார்கள். ஆகவே இடைவேளையில் பிலோமினா, “அப்பா, பாத்ரூம் போயிட்டு வந்துருங்கப்பா, பெறகு நடுவுல எந்திரிக்கணும்” என்று சொன்னபோது அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். வரிசையில் நிற்கிற நேரத்தில் திரை ஏறிவிட்டால்? அவள் வாங்கித் தந்த காப்பியை மட்டும் முழுசாகக் குடித்துவிட்டு முதல் ஆளாக வந்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். விளக்கு அணைந்தது. பல்பசை விளம்பரம் வந்தது, தங்க நகை விளம்பரம் வந்தது, சிகரெட் பிடித்துச் செத்துப்போனவன் வந்தான், அப்புறம் படம். படத்தில் மீன் சந்தை வந்தது. பாட்டு வரவில்லை.

மீன் சந்தை எதற்கு? நாடகத்தில் மீன் சந்தை கிடையாது. மேடையில் ஒரு படகு, ஒரு வாழைமரம், பின்னால் ஆறு வரைந்த படுதா, அவ்வளவுதான் இருந்தது, அதை வைத்துக்கொண்டே அழ வைத்தார்கள். இவர்களிடம் காசு இருக்கிறது, சந்தையையே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள், நண்டு ஊர்வது வரைக்கும் தெரிகிறது. தெரியட்டும். ஐந்து நிமிஷம் சந்தை ஓடினாலும் அதற்கப்புறம் ஆற்றங்கரைதானே, ஆற்றங்கரை என்றால் பாட்டுதானே. சவரிமுத்து காலை மாற்றிப் போட்டார். அடிவயிற்றில் காப்பி மெதுவாக ஒரு தட்டுத் தட்டியது. இருக்கியா என்று கேட்கிற தட்டு. இருக்கிறேன், நீ சும்மா இரு என்று அவர் சொல்லிக்கொண்டார். பாட்டு கேட்க அவர் வரவில்லை. பாட்டு அவருக்குத் தெரியாதா? ‘வெள்ளம் வடியலையே, வெளக்கும் எரியலையே, அக்கரைக்கு எங்கூட யாரு வருவா?’ யாரு வருவா என்று ஓடக்காரன் மகள் பாட்டில் மூன்று தடவை கேட்பாள், ஒவ்வொரு தடவையும் கேட்டு முடித்ததும் நாலு எண்ணிக்கைக்கு ஒன்றும் இருக்கக் கூடாது, பாட்டு இல்லை, மேளம் இல்லை, பெட்டியில் ஒற்றைச் சுருதி மட்டும் நிற்கும். அந்த நாலு எண்ணிக்கைதான் அவருக்கு வேண்டும். அது இருக்கிறதா, இல்லை இந்தத் தடவையும் வெட்டிவிட்டார்களா என்று பார்க்கத்தான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மதிய ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்தப் படத்துக்கு இசை போட்டது ஒரு சின்னப் பெண், ஆதிரை என்று பேர், முடியைக் கிராப் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “சார், இந்த மெட்டை அப்படியே வச்சுக்கிறேன் சார், ஒரு பிடியைக்கூட மாத்த மாட்டேன்” என்றாள். அவர், “மெட்டை மாத்திக்க தாயி, எனக்கு அதுல வருத்தமில்ல. அந்த நாலு எண்ணிக்கையை மட்டும் மூடிராத” என்றார். அவள், “நான் விட்டுருவேன் சார், ஆனா எடிட்டர் கையில இருக்கு” என்றாள். “வெட்டுறவருக்குக் கைதட்டு தெரியாதும்மா, அவரு தனியா உக்காந்து வெட்டுறாரு” என்றார் அவர். அவள் சிரித்தாள். சிரித்தது சரி என்பதற்கா, பாவம் கிழவன் என்பதற்கா என்று அன்றிலிருந்து அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த நாலு எண்ணிக்கையை அவர் உண்டாக்கவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். அது நத்தத்தில் நடந்தது. அவர் பெட்டி வாசித்த மங்களநாயகி நாடக சபா மாரியம்மன் கோயில் பொட்டலில் கொட்டகை போட்டிருந்தது. குளித்தலை சொர்ணாம்பாள் ஓடக்காரன் மகளாக நின்று பாடுகிறாள், அன்றைக்கு அவளுக்குச் சளி, ‘யாரு வருவா’ என்று இழுத்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த மூச்சுக்குள் மணலில் உட்கார்ந்திருந்த ஒரு வண்டிக்காரன், “நான் வாரேன் தாயி” என்றான். கேலி இல்லை, நிஜமாகவே எழுந்துவிட்டான், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கொட்டகையே சிரித்தது, சிரிப்பு கைதட்டலாக மாறியது, கைதட்டல் தானாக அடங்கியது, அத்தனை நேரமும் சவரிமுத்து காலால் துருத்தியை மிதித்துச் சுருதியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார். கால் பெட்டி அது, கால் மிதிக்க வேண்டும், கை வாசிக்க வேண்டும். நாலு மிதி. ஐந்தாவது மிதிக்கு சொர்ணாம்பாள் அடுத்த அடியை எடுத்தாள், அது பொருந்திய பொருத்தத்தில் அவருக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. மறுநாள் அவளுக்குச் சளி இல்லை, ஆனாலும் அவர் நிறுத்தச் சொன்னார். மறுநாளும் ஒருத்தன் வாரேன் என்றான். வேடசந்தூரில் சொன்னார்கள், ஒட்டன்சத்திரத்தில் சொன்னார்கள், பழனியில் ஒரு போலீஸ்காரர் தொப்பியோடு எழுந்து சொன்னார். மணப்பாறையில் ஒரு பொம்பளை சொன்னாள், அன்றைக்கு வந்த கைதட்டல் கொஞ்சநஞ்சமில்லை. எத்தனை ஊர், எத்தனை வாரேன். அத்தனை பேர் வருகிறேன் என்று சொல்லியும் சவரிமுத்து மட்டும் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை, திறக்க முடியாது, அவர் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுகிறவன் எப்படிப் பதில் சொல்வான்?

சந்தையில் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தனை ஒருத்தன் ஐஸ் பெட்டிமேல் தூக்கிப் போட்டான். சத்தம் காதுக்குள் வராமல் நேராக அடிவயிற்றுக்குப் போனது. இப்போதெல்லாம் தியேட்டரில் சத்தம் சீட்டுக்கு அடியிலிருந்து வருகிறது, யார் இதைக் கண்டுபிடித்தானோ, அவனுக்கு எண்பது வயசு ஆகட்டும். சவரிமுத்து இரண்டு கால்களையும் சேர்த்துப் பின்னிக்கொண்டார். எழுந்து போய்விட்டு வந்துவிடலாம்தான். கதவு தூரம், படி இறக்கம், இருட்டு, ஒன்றுக்கு இருக்கவும் முன்னைப்போல் இல்லை, போய் நின்றால் அது வருவதற்கே தனியாக ஒரு காத்திருப்பு, டாக்டர் அதற்குப் பெயரெல்லாம் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். அதற்குள் பாட்டு வந்து போய்விடும். நாடகம் என்றால் காத்திருக்கும். மேடையில் வேஷம் கட்டத் தாமதம் என்றால் பக்கத்திலிருந்து ஒரு ஜாடை வரும், சவரிமுத்து பெட்டியில் ஒரு ராகத்தை எடுத்து விரித்துக்கொண்டே இருப்பார், சொர்ணாம்பாள் ஒருமுறை புடவைக் கொசுவம் அவிழ்ந்துவிட்டது என்று உள்ளே போனபோது கல்யாணி ராகத்தைப் படுக்கப்போட்டு உருட்டி எடுத்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். சினிமா யாருக்காகவும் காத்ததில்லை. அவருக்காக மட்டும் காக்கவா போகிறது? அன்றைக்கும் காக்கவில்லை.

அன்றைக்கு என்பது அறுபத்தி ஆறாம் வருஷம். ‘ஓடக்காரன் வீடு’ நாடகத்தைப் பார்த்துவிட்டு மெட்ராஸிலிருந்து டைரக்டர் ரங்கபாஷ்யம் காரில் வந்தார், வெள்ளைச் சட்டை, வெற்றிலை, எதற்கெடுத்தாலும் “பேஷ்” என்பார். கதையை வாங்கினார், சவரிமுத்துவையும் வாங்கினார். ரிக்கார்டிங் அறையில் குண்டூசி விழுந்தால் கேட்கும், அங்கே அவர் நாலு எண்ணிக்கை நிறுத்தினபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட்காரர் ஏதோ பழுது என்று மிஷினையே நிறுத்திவிட்டார். “பழுதில்லீங்க, கைதட்டுக்கு விட்ட இடம்” என்றார் சவரிமுத்து. அறை முழுக்கச் சிரித்தது. ரங்கபாஷ்யம் அவர் தோளில் கை போட்டு, “சவரி, திரைக்கு யார்யா கை தட்டறா? நடிகை அங்கே இல்லவே இல்லை, வெறும் வெளிச்சம். வெளிச்சத்துக்கு எவனாவது கை தட்டுவானா?” என்றார். எண்ணிக்கையை வெட்டி ஒட்டினார்கள். கடைசி யாரு வருவா முடிந்த மறு நொடியே அந்தப் பெண் காதலனிடம் பேசுகிறாள். கதைக்கே உயிர் அந்தப் பேச்சு. ‘அந்தப் படகுல ஏறாதீங்க, அடியில ஓட்டை, அப்பாதான் போட்டு வச்சிருக்காரு.’ மெதுவாகச் சொல்வாள், ஏனென்றால் அப்பா கரைத் திண்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவன் கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஏறுவான். தெரிந்தே ஏறுவான். அவள் அப்பன் தன்னை எந்த அளவுக்கு வெறுக்கிறான் என்று பார்த்துவிடுவோம், நடு ஆற்றில் முழுகும்போது அந்த அப்பனே கை நீட்டித் தூக்குகிறானா இல்லையா பார்த்துவிடுவோம் என்று ஏறுவான். படம் வந்தது. திண்டுக்கல்லில் முதல் நாள் முதல் ஆட்டம், சவரிமுத்து புதுச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரையில் ‘யாரு வருவா’ என்றாள். இடமே விடவில்லை, இருந்தும் ஜனம் காத்திருக்கவில்லை, நாலு வருஷமாக நாடகத்தில் சொல்லிப் பழகிய வாய், எண்ணூறு தொண்டை ஒன்றாக, “நான் வாரேன்” என்றது. விசில், கைதட்டல், துண்டு பறந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் அந்தப் பெண்ணின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. படகில் ஓட்டை என்கிற செய்தி ஒருத்தன் காதிலும் விழவில்லை. அப்புறம் படகு முழுகினபோது, “என்னடா இவன், நீச்சல்கூட தெரியாம வந்து ஏறுறான், கூறுகெட்டவன்” என்று பக்கத்திலிருந்தவன் சொன்னான். அழ வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். எல்லா ஊரிலும் அதே கதை, படச்சுருள் இரண்டு வாரத்தில் பெட்டிக்குத் திரும்பியது. ரங்கபாஷ்யம் அவரை நேரில் பார்க்கவே இல்லை, ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்: “உன் பாட்டு என் படத்தைக் குடிச்சுடுத்து.” சவரிமுத்து அதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவர் மனசில் வேறொன்று தோன்றியது, இன்றுவரை அது போகவில்லை. ஒரு முழுப் படத்தையே குடிக்கிற பாட்டு என்றால் அது எப்பேர்ப்பட்ட பாட்டாக இருக்க வேண்டும்!

அதற்கப்புறம் யாரும் இசை போடக் கூப்பிடவில்லை. சினிமா அவரைக் கைவிட்டது என்று ஊரில் சொன்னார்கள், அவர் அப்படி நினைத்ததில்லை, அவர் சினிமாவைக் கைவிடவில்லையே. வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் மதிய ஆட்டத்துக்கு அவர்தான் முதல் டிக்கெட். இரண்டு பாட்டைக் காதில் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளில் வருவார், வழியில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், திரும்பினால் மெட்டு கொட்டிவிடும். சாயங்காலத்துக்குள் அதில் வேறு வார்த்தை உட்கார்ந்திருக்கும், ராத்திரி நாடகத்தில் நாரதர் அந்த மெட்டில் பாடுவார், ஜனம் கண்டுபிடித்துக் கூச்சல் போடும். மூலத்தில் ஒரு வளைவு சப்பென்று இருந்தால் அதை அவர் சரிப்படுத்திவிடுவார், அதைக் கேட்டுவிட்டு மறுபடி படத்துக்குப் போனவர்கள், படத்தில் தப்பாகப் பாடுகிறார்கள் என்று வந்து சொன்னார்கள். சாணார்பட்டியில் நாடகக் கொட்டகைக்கு எதிரே டூரிங் டாக்கீஸ் ஒன்று, அதன் சொந்தக்காரன் வேண்டுமென்றே ஒலிபெருக்கிக் குழாயை இந்தப் பக்கம் திருப்பி வைத்தான். மற்ற பெட்டிக்காரர்களாக இருந்தால் கத்தியிருப்பார்கள். சவரிமுத்து இரண்டு நாள் கவனித்தார், அந்தப் படத்தில் எந்தப் பாட்டு எந்தச் சுருதியில் எத்தனை மணிக்கு வருகிறது என்று பிடித்துக்கொண்டார், மூன்றாம் நாள் தன் நாடகப் பாட்டை அதே சுருதிக்குத் தூக்கி அதே நேரத்துக்கு வைத்தார். அவன் வயலின் கூட்டம் முழுக்க இவர் பாட்டுக்குப் பின்னணி வாசித்தது. காசு கொடுத்தது அவன், பாட்டு இவருடையது. டாக்கீஸ்காரன் நாலாம் நாள் குழாயைத் திருப்பிக்கொண்டான். இதை நினைக்கும்போது சவரிமுத்துவுக்கு இருட்டில் சிரிப்பு வந்தது, சிரித்ததில் அடிவயிறு சுரீரென்றது, சிரிப்பை அப்படியே நிறுத்திக்கொண்டார். “என்னப்பா?” என்றாள் பிலோமினா. “ஒண்ணுமில்ல, படத்தப் பாரு” என்றார்.

படத்தில் இப்போது ஒருத்தர் வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்தார். வக்கீல் எதற்கு? வக்கீல் வீட்டில் ஆர்மோனியம் ஒன்று மூலையில் சும்மா கிடந்தது, மெருகு ஏற்றின பெட்டி, யாரும் வாசிக்கவில்லை, சும்மா அழகுக்கு. சவரிமுத்துவின் கைகள் தொடைமேல் தாமாக விரிந்தன. இந்தக் கைகள் சினிமாவில் நடித்திருக்கின்றன, அது எத்தனை பேருக்குத் தெரியும்? கதாநாயகன் பெட்டி வாசிப்பான், முகம் அவனுடையது, கிட்டத்தில் காட்டும்போது கை சவரிமுத்துவுடையது. ரயிலேறி மெட்ராஸ் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து விரலை மட்டும் கொடுத்துவிட்டு வருவார். பண்ணையாரின் கையாக இருந்திருக்கிறார், குருட்டுப் பாடகனின் கையாக இருந்திருக்கிறார், விரலில் சாயம் பூசி மகாராஜாவின் கையாக இருந்திருக்கிறார். ஒரு படத்தில் கதாநாயகிக்கே கை கொடுத்தார். புறங்கை மயிரை மழித்து, மணிக்கட்டு நிறையக் கண்ணாடி வளையல் மாட்டி, மருதாணிச் சாயம் வைத்து உட்கார்த்தினார்கள், வளையல் சத்தம் தாளத்தில் விழ வேண்டுமே என்று அவர் தனியாக ஒரு மணி நேரம் பழகினார். அந்தப் படம் திண்டுக்கல் வந்தபோது மனைவி ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு போனார், ஒன்றும் சொல்லவில்லை. கதாநாயகி பெட்டி முன்னால் உட்கார்ந்தாள், தலையைச் சாய்த்தாள், கை வந்தது. ரெஜினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். “ஏங்க, அது உங்க சுண்டு விரலு” என்றாள் காதில். சுண்டுவிரல் கோணல் அவருக்கு, சின்ன வயதில் கோயில் கதவில் நசுங்கியது. அந்தப் பேரழகியின் கையில் ஒரு கோணல் சுண்டுவிரல், தமிழ்நாடே பார்த்தது, ரெஜினா ஒருத்திதான் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து கோபம் வந்தால் அவரை ‘கதாநாயகி’ என்றுதான் கூப்பிடுவாள். கதாநாயகி, சோறு ஆறுது. கதாநாயகி, மழை வருது, துணியை எடுங்க. அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தால் இந்நேரம், எந்திரிச்சுப் போயிட்டு வாங்க கதாநாயகி, வீம்பு பண்ணாதீங்க என்றிருப்பாள், அவரும் போயிருப்பார்.

இனி முடியாது. வக்கீல் பேசி முடிப்பதாக இல்லை, வயிறு கேட்பதாக இல்லை. வேட்டியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்து பாட்டைக் கேட்பதா, மானத்தோடு போய் பாட்டை விடுவதா என்று மனசு இரண்டாகக் கிழிந்தது. டைட்டிலில் பேர் வந்த மனுஷன் சீட்டை நனைத்தான் என்று ஆகக் கூடாது, அதற்குப் பாட்டை விடலாம். அவர் எழுந்தார். “இப்ப எங்கப்பா?” என்று பிலோமினா கையைப் பிடித்தாள். “வந்துர்றேன்” என்றார். “நானும் வர்றேன், இருட்டுல விழுந்துருவீங்க.” “நீ உக்காரு. பாட்டு வந்தா அந்த இடம் இருக்கான்னு பாரு, நாலு எண்ணிக்கை, எண்ணிப் பாரு” என்றார், குரல் அதட்டலாகத்தான் வந்தது. தரையில் ஓடிய சின்ன விளக்குகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் பார்த்தார், வக்கீல், வக்கீல், இன்னும் வக்கீல். கனத்த கதவைத் தள்ளி வெளியே வந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, கம்பள நடை, குளிர், சோளப்பொரி வாசனை. பாத்ரூமில் யாரும் இல்லை. வெள்ளைப் பீங்கான் முன்னால் போய் நின்றார். அவ்வளவு முட்டிக்கொண்டு வந்தது, இப்போது வர மறுத்தது. அதற்கும் கொட்டகை காலியாக இருக்கக் கூடாது போலிருக்கிறது. நெற்றியைச் சுவரில் வைத்தார். சுவர் சில்லென்று இருந்தது, லேசாக அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தியேட்டர். அதிர்வு நின்றது. பிறகு நெற்றி எலும்பின் வழியாகவே உள்ளே வந்தது, வெள்ளம் வடியலையே.

வக்கீல் வீட்டிலிருந்து நேரே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார்கள், பாவிகள். கால் போக எழுந்தது, ஆனால் அந்த நேரம் பார்த்து இங்கே திறந்துகொண்டது, இனி நடுவில் நிறுத்த முடியாது, ஆண்டவரே, சொட்டுச் சொட்டாக, எவ்வளவு நேரம். வார்த்தை தெளிவாகக் கேட்கவில்லை, அடியில் போகிற தாளம் மட்டும் சுவரைத் தட்டியது, வார்த்தையை அவரே போட்டுக்கொண்டார். வெளக்கும் எரியலையே. அக்கரைக்கு எங்கூட. யாரு வருவா. சுவர் நின்றது. ஒன்று. அவர் கால் கட்டைவிரல் செருப்புக்குள் அழுந்தியது. இரண்டு. மூன்று. நாலு. சுவர் மறுபடி துடித்தது, சரியாக ஐந்தில். விட்டிருக்கிறாள். அந்தக் கிராப்புப் பெண் விட்டிருக்கிறாள், எடிட்டரோடு என்ன சண்டை போட்டாளோ, நாலையும் விட்டிருக்கிறாள். சவரிமுத்துவுக்குக் கண்ணில் நீர் முட்டியது, கீழேயும் மேலேயும் ஒரே நேரத்தில், ரெஜினா இருந்தால் இதைச் சொல்லிச் சிரித்திருக்கலாம். இப்போது சொல் ரங்கபாஷ்யம், யார் பழுது? ஆனால் சந்தோஷம் முழுசாக இறங்குவதற்குள் இன்னொன்று உறைத்தது. அந்த நாலு எண்ணிக்கையில் ஒன்றுமே கேட்கவில்லை. கைதட்டல் இல்லை, வாரேன் இல்லை, ஒரு விசில் இல்லை. இருநூறு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணத்தில் பந்திக்கு இலை போட்டு வைத்திருக்கிறது, உட்கார ஆளில்லை. இப்போதெல்லாம் பதில் சொல்ல மாட்டார்கள், சவரி, யாரு வருவா என்று கேட்டால் போனைப் பார்ப்பார்கள். அப்படியானால் ரங்கபாஷ்யம் சொன்னதுதான் கடைசியில் சரியா? வெறும் வெளிச்சம்தானா? அவசரமாக வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். கை கழுவவில்லை. நடையில் பாதி வரும்போது இரண்டாவது யாரு வருவா கதவுக்கு வெளியே கசிந்தது, அதே நாலு, அதே வெறுமை, அதைவிடப் பெரியதாகத் தெரிந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. மூன்றாவதுதான் கடைசி, அதற்குப் பின்னால்தான் அந்தப் பேச்சு.

கதவைத் தோளால் தள்ளி உள்ளே வந்தார். ஆறு திரை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, நிஜ ஆறு, அதன் ஓரம் சின்னதாக அந்தப் பெண். சவரிமுத்து அங்கேயே நின்றார், சீட்டுக்குப் போக நேரமில்லை. இருட்டில் வரிசை வரிசையாகத் தலைகள், ஓரத்தில் பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்த அதே கோணம், அதே பக்கம். அவள் மூன்றாம் தடவை ஆரம்பித்தாள். வெளக்கும் எரியலையே என்றாள். அக்கரைக்கு எங்கூட என்றாள். யாரு வருவா என்று கேட்டுவிட்டு அவள் கூட்டத்தைப் பார்த்து நின்றாள், கண் நேராக இந்தப் பக்கம். சுருதி ஒற்றையாக நின்றது. ஒன்று என்று அவர் கால் மிதித்தது, மிதித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, கீழே துருத்தி இல்லை. இன்றைக்கு எண்ணுவது அவர் இல்லை. வேறு யாரோ எண்ணி வைத்திருக்கிறார்கள், மிஷின் எண்ணிக்கொண்டிருக்கிறது, அவர் கால் சும்மா இருக்கலாம், அவர் வாய் சும்மா இருக்க வேண்டியதில்லை. அறுபது வருஷத்தில் முதல் தடவையாகப் பெட்டி சவரிமுத்து வாயைத் திறந்தார்.

“நான் வாரேன் தாயி” என்றார். கிழக் குரல், ஆனால் கொட்டகைக்குப் பழகின குரல், கடைசி வரிசை வரைக்கும் போனது. மேலே மூலையில் ஒரு பையன், “நானும் வாரேன் தாத்தா” என்றான், அவன் கூட்டாளிகள் வாரோம் என்றார்கள், சிரிப்பு எழுந்தது, சிரிப்பு கைதட்டலானது, பிலோமினா எங்கோ எழுந்து நின்று “அப்பா” என்பது நடுவில் கேட்டது. நாலாவது எண்ணிக்கையில் எல்லாம் தானாக அடங்கியது, அளவு அன்றைக்கு நத்தத்தில் எடுத்த அளவுதான், ஒரு விரல்கடை மாறவில்லை. அடங்கின அமைதியில் அந்தப் பெண் திரும்பி, திண்டில் இருக்கிற அப்பாவுக்குக் கேட்காத குரலில் பேசினாள். “அந்தப் படகுல ஏறாதீங்க. அடியில ஓட்டை. அப்பாதான் போட்டு வச்சிருக்காரு.” ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவன் அவளைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிக் கரையில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தான். ஒரு காலைப் படகில் வைத்தான். தியேட்டரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சவரிமுத்து நின்ற இடத்துக்குப் பக்கத்து வரிசையில் ஒரு பெண் தன் தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“தெரிஞ்சேதான்டி ஏறுறான்.”